கயிற்றின் மறுமுனை

திரையின் இடது ஓரத்தில் ஆடு வந்து நின்றது. ஒரு காது மடிந்த ஆடு. அதன் கழுத்திலிருந்து கயிறு விறைப்பாக இடப்பக்கம் போய், திரை முடிகிற இடத்தில் தானும் முடிந்துவிட்டது. கயிற்றை யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

அரிமளத்தில், ஓடாமல் கிடக்கும் ஓர் அரிசி ஆலையின் நெல் கிட்டங்கி அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னல்களைச் சாக்கு வைத்து அடைத்திருந்தோம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாருடைய தலையும் ஒரே நேரத்தில் இடப்பக்கம் திரும்பியது. பிறகு மெதுவாக நேராகிவிட்டது.

எனக்கு முன் வரிசையில் பிலோமினா இருந்தார். பக்கத்து நாற்காலியிலிருந்த ஆரோக்கியமேரியின் முழங்காலில் தட்டினார். “இங்கயும் கயிறுதான் வருது. ஆளக் காணோம்.”

மேரி மடியிலிருந்த பையின் வாரை இடது கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

திரையில் மேளம் அடித்துக்கொண்டு ஊர்வலம் கடந்தது. நாலு முறை மூச்சு விடுகிற நேரம்தான். காட்சி மாறிவிட்டது. அந்த நாலு மூச்சைப் பார்ப்பதற்காகத்தான் அத்தனை பேரும் வந்திருந்தோம்.

இதை முறையாகச் சொல்ல வேண்டுமென்றால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அகலக்காரங்க

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படித்து வருபவர்களுக்கு என் பைத்தியம் பழகியிருக்கும். புதிதாக வருபவர்களுக்கு மட்டும் சுருக்கமாக.

நான் நில அளவைத் துறையில் சர்வேயர். பகல் முழுக்க அடுத்தவர்களின் எல்லைகளை அளப்பது என் பிழைப்பு. விடுமுறை நாட்களில் நானும் இன்னும் இரண்டு பேரும் அகலத்திரைப் படங்களைத் தேடிப் பிடித்து, அவை எப்படிக் காட்டப்பட வேண்டுமோ அப்படிக் காட்டிக்கொண்டிருக்கிறோம். சினிமாஸ்கோப், எழுபது எம்.எம். என்றால் எங்களுக்குப் பசி தெரியாது. நாங்கள் எங்களுக்குப் பெயர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஊரார் “அகலக்காரங்க” என்கிறார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள். இப்போது ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னாலே கிட்டங்கி வாசலில் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்.

எங்களில் மூத்தவர் லிங்கம். கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். புரொஜெக்டர் அவர் பொறுப்பு. அவருடைய சித்தாந்தம் ரொம்பச் சின்னது. யார் வந்து “எதுக்குங்க இம்புட்டு அகலமான படம்?” என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வைத்திருப்பார்.

“கண்ணு ரெண்டும் பக்கம் பக்கமாத்தானே இருக்கு? மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னா இருக்கு? அப்பப் படமும் பக்கவாட்டுலதான் இருக்கணும்.”

மூன்றாமவர் ஜமால் பாய். ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட் வைத்திருக்கிறார். படம் ஓடும்போது செல்போனை அணைத்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. அவருக்கு மட்டும் விலக்கு. படகுகள் கடலுக்குப் போயிருக்கும் நாட்களில் அவர் போனைக் கையிலேயே வைத்திருப்பார். அது ஒளிர்ந்தால் எழுந்து வெளியே போவார். திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் மறுபடி திரையைப் பார்ப்போம்.

அகலத்திரையின் சூட்சுமத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். படத்தை நெருக்கிப் பிழிந்து ஃபிலிமில் பதிந்திருப்பார்கள். ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அதிலுள்ள எல்லாரும் பட்டினி கிடந்தவர்களைப் போல ஒல்லியாக, நெட்டையாக இருப்பார்கள். ஸ்கோப் லென்ஸ் வழியாக வெளியே வரும்போதுதான் அவரவர் உடம்பு அவரவருக்குத் திரும்பக் கிடைக்கும்.

ஆனால் அந்தக் காலத்தில் நம் பக்கத்துக் கொட்டகைகள் பலவற்றில் திரை அகலம் போதாது. இரண்டு ஓரமும் கதவிலும் தூணிலும் விழும். அது அசிங்கமாக இருக்கிறது என்று ஓரத்தை மறைத்துவிடுவார்கள். பிறகு தொலைக்காட்சி வந்தது. அது சதுரப் பெட்டி. ஓரத்தை அவர்களும் வெட்டினார்கள். இப்போது செல்போன். அதில் ஓரம் போனது போக, மிச்சமிருப்பவர்களையும் இழுத்துப் பருமனாக்கி விடுகிறார்கள். ஆக, எத்தனையோ பேர் பார்த்த படங்களில் யாருமே பார்க்காத ஓரங்கள் இருக்கின்றன. எங்கள் மூவரையும் சேர்த்து வைத்தது அந்த ஓரங்கள்தான்.

பெரியம்மா திரும்பிப் பார்த்தது

இங்கே ஒரு கிளைக்கதை. மன்னிக்கவும், இது இல்லாமல் எனக்கு இந்தப் பேச்சு முழுமையாகாது.

சின்ன வயதில் மாமா எங்களைத் திருச்சிக்கு அழைத்துப்போய் எழுபது எம்.எம். படம் ஒன்றைக் காட்டினார். பஸ்ஸில் போகும்போதே எல்லாருக்கும் புளியோதரைப் பொட்டலம். திரையை மூடியிருந்த சிவப்புத் துணி இரண்டு பக்கமும் விலக ஆரம்பித்தது. விலகிக்கொண்டே இருந்தது. இனிமேல் சுவர்தான் என்று நினைத்த பிறகும் விலகியது. ராட்டினத்தில் ஏறியவன் போல நான் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

படத்தில் ஒரு குதிரை இடது பக்கத்திலிருந்து வந்தது. குளம்புச் சத்தமும் இடது பக்கத்திலிருந்தே வந்தது. என் பெரியம்மா சட்டென்று இடப்பக்கம் திரும்பி, கதவை யார் திறந்துவிட்டார்கள் என்று பார்த்தார். மாமா சிரித்தார். பெரியம்மாவுக்குக் கோபம் வந்து, திரும்பி வருகிற வரைக்கும் மாமாவோடு பேசவில்லை.

படத்தின் கதை எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. பெரியம்மா திரும்பிய கோணம் மறக்கவில்லை.

மீன் வாடை அடிக்கும் படங்கள்

பழைய ஃபிலிம் சூட்டில் கெட்டுப்போகும். டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கும்; அடித்தால் அந்தப் படம் சாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம் மாவட்டத்து வெயிலில் அது சீக்கிரம் நடக்கும். பெரிய நகரங்களில் இதற்கென்று குளிரூட்டிய அறைகள் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு ஜமால் பாயின் ஐஸ் பிளான்ட் இருக்கிறது. அதில் புழங்காத ஒரு பக்க அறையில், ஈரம் புகாதபடி இறுக்கி மூடிய டப்பாக்களில் எங்கள் ரீல்கள் இருக்கின்றன. சுவருக்கு அந்தப்பக்கம் ஐஸ் கட்டிகளை உடைக்கும் சத்தம். இந்தப்பக்கம் படங்கள்.

இதில் ஒரே ஒரு குறை. எங்கள் படங்கள் அனைத்திலும் மீன் வாடை உண்டு. விளக்குச் சூட்டில் அது கிட்டங்கி முழுக்கப் பரவும். காதல் காட்சியில் பின்வரிசையிலிருந்து யாராவது “வஞ்சிரமா, பாறையா?” என்று கேட்பார்கள். வினிகரும் சேர்ந்துகொண்டால் ஊறுகாய் என்பார்கள். ஜமால் பாய் அசரமாட்டார். “வாடை வந்தா படம் உசுரோட இருக்குன்னு வச்சுக்கங்க” என்பார்.

ஒருமுறை மூவரும் குடுமியான்மலைக்குப் போயிருந்தோம். பாறையில் வெட்டியிருக்கும் இசைக் கல்வெட்டைப் பார்த்துக்கொண்டே நின்ற லிங்கம் பெருமூச்சு விட்டார். பாட்டைக் கல்லில் வெட்டி வைத்தவன் புத்திசாலி, நாமும் படத்தைக் கல்லில் எடுத்திருக்கலாம் என்றார். ஓடவிட எந்த மோட்டார் வேண்டியிருக்கும் என்று ஜமால் பாய் கேட்டார். வீடு வந்து சேரும்வரை அதற்கு லிங்கம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

இடதுகைக் கத்தரிக்கோல்

கிட்டங்கி கிடைத்தபோது எங்களுக்கு இருந்த பெரிய பிரச்சினை திரை. படத்துக்கு வேண்டிய அகலத்தில் ஒரே துணியாகத் திரை வாங்குவது எங்களால் ஆகிற காரியமில்லை. ஜமால் பாய், படகுகளுக்குப் பாய் தைக்கிற கெட்டித் துணியைக் கடற்கரையிலிருந்து உருளை உருளையாகக் கொண்டுவந்து இறக்கினார். அதை யார் தைப்பது? கடைத்தெருவிலிருந்த தையல்காரர்கள் துணியின் அகலத்தைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டார்கள். ஆரோக்கியமேரி மட்டும் துணியை இரண்டு விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இத எங்க வச்சு விரிப்பீங்க?” என்று கேட்டார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மேரி ஆவூர்க்காரர். அரிமளத்துக்கு வாக்கப்பட்டு வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறார். இடது கைப் பழக்கம். அவர் கத்தரிக்கோலும் இடது கைக்காரர்களுக்கென்றே செய்தது. சிங்கப்பூரிலிருக்கும் தம்பி வாங்கிக் கொடுத்தது. ஒரு நூலை நறுக்கலாம் என்று நான் அதை எடுத்துப் பார்த்தேன். துணியைக் கடித்ததே தவிர வெட்டவில்லை. மேரிக்கு அதில் ஒரு சந்தோஷம். “என் கத்தரிய எவரும் இரவல் வாங்க மாட்டாங்கண்ணே” என்றார்.

துணியை மிஷினுக்குள் தள்ளித் தைக்க முடியாது, அவ்வளவு கனம். அதனால் துணியைக் கழுவிய தரையில் விரித்துப் போட்டுவிட்டு, மிஷினைத் துணியோரமாக நகர்த்துவது என்று முடிவானது. லிங்கம் மோட்டார்களை ஏற்றி இறக்கும் தள்ளுவண்டியில் தையல் மிஷினையும் ஒரு முக்காலியையும் கயிறு போட்டுக் கட்டினார். மேரி முக்காலியில் உட்கார்ந்து தைப்பார். லிங்கம் பின்னாலிருந்து தள்ளுவார். நான் முன்னால் குனிந்தபடி சுண்ணாம்புக்கோடு விலகாமல் பார்த்துக்கொண்டே போவேன். ஜமால் பாய் துணியைச் சுருக்கம் விழாமல் எடுத்துக்கொடுப்பார்.

“மெதுவாத் தள்ளுங்கண்ணே. தேரா இழுக்குறீங்க?” என்பார் மேரி. லிங்கம் வேகத்தைக் குறைப்பார். கொஞ்ச தூரத்தில் தானாகவே கூடிவிடும். நாட்குறிப்பில் அன்று நான் எழுதியிருப்பது ஒரே வரி: வாழ்நாளில் இதைவிட நேரான கோட்டை எங்கள் துறையில் யாரும் போட்டதில்லை. இன்றுவரை அந்தத் தையல் திரையில் தெரியாது.

கூலி என்ன என்று கேட்டோம். கூலி வேண்டாம், ஒரு படத்தைக் காட்ட வேண்டும் என்றார்.

கயித்து மேரி

மேரி சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆவூர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரையில் ஒரு சினிமாவுக்குப் படம்பிடித்தார்கள். சினிமாஸ்கோப் படம். திருவிழா ஊர்வலம் ஒன்றுக்கு ஊர்ப் பிள்ளைகள், பெரியவர்கள் எல்லாரையும் நிறுத்தினார்கள். மேரியின் கையில் ஓர் ஆட்டுக் கயிற்றைக் கொடுத்து, இங்கேயே நில், நகராதே என்று சொல்லிவிட்டார்கள். மேரி நகரவில்லை.

படம் வந்தது. மேரியின் அப்பா, மகள் சினிமாவில் வருகிறாள் என்று சர்ச் பங்கு மக்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து விராலிமலைப் பக்கம் ஒரு கொட்டகைக்குப் போனார்கள். ஆடு வந்தது. கயிறு வந்தது. மேரி வரவில்லை. கொட்டகையின் ஓரத்தில் மேரி அறுபட்டுப் போயிருந்தார்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் அவர் பெயர் கயித்து மேரி. அவர் அப்பாவைப் பார்க்கிறவர்களும் “மக எந்தப் படத்துலய்யா நடிக்குது, நாங்களும் பாக்கணும்ல” என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர் கொஞ்ச நாள் டீக்கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார் என்று மேரி சொன்னபோது, மிஷினைத் தள்ளிக்கொண்டிருந்த லிங்கம் நின்றுவிட்டார்.

வருஷங்கள் கழித்து அந்தப் படம் தொலைக்காட்சியில் வந்தது. மறுபடியும் கயிறு. செல்போனில் மருமகள் தேடி எடுத்துக் காட்டினாள். பருத்த ஆடு, பருத்த கயிறு. கயிற்றின் முனையில் யாரும் இல்லை.

இதற்கிடையில்தான் பிலோமினா. இவர் மேரியின் பெரியப்பா மகள். இருவருக்கும் சில மாதங்களே வித்தியாசம். அன்றைக்குக் கயிற்றைப் பிடித்திருந்தது தான்தான் என்று பிலோமினா சொல்ல ஆரம்பித்துவிட்டார். விளக்கைக் கண்டு பயந்து மேரி ஓடிவிட்டாளாம். இவர்தான் போய் நின்றாராம். பிலோமினா அன்று அம்மை போட்டு வீட்டில் கிடந்தார் என்கிறார் மேரி. அம்மை அடுத்த மாதம் என்கிறார் பிலோமினா. இரண்டு பேருக்கும் அன்று ஒரே துணியில் எடுத்த ஒரே மாதிரிப் பாவாடை வேறு.

என் அனுபவத்தில் ஆள் இல்லாத இடத்துக்கு எப்போதும் இரண்டு பட்டா இருக்கும். நான் அதைச் சொன்னதும் மேரி சிரிக்கவில்லை.

“நடிச்சேன்னு பேரு வாங்க ஆசையில்லண்ணே” என்றார். “எங்கப்பா பொய் சொல்லலைன்னு அவ வாயால சொன்னாப் போதும்.”

விரலால் பார்த்தது

ஜமால் பாய் விடாமல் தேடினார். மூடிப்போன ஒரு தியேட்டரின் மாடியில், புறா எச்சத்துக்கு அடியில், அந்தப் படத்தின் சில ரீல்கள் மட்டும் கிடைத்தன. முதல் ரீல் இல்லை, முடிவும் இல்லை. கண்மாய்க் கரை ரீல் இருந்தது. வண்ணங்கள் வெளுத்து எல்லாம் ரோஸ் நிறமாகியிருந்தது. வினிகர் வாடை கொஞ்சமாக வந்தது. நேராக ஐஸ் பிளான்டுக்குக் கொண்டுபோனோம்.

மேரி ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார். பிலோமினா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வரைக்கும் எங்களில் யாரும் அந்த இடத்தைப் பார்க்கக் கூடாது. எனக்கு அது பெரிய சோதனை. லிங்கத்துக்குச் சிரமமில்லை. அவர் கிழிசலையும் ஒட்டுப்போட்ட இடங்களையும் எப்போதும் விரலால்தான் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு ஃபிலிமின் இரண்டு ஓரத்தையும் விரல்களுக்கிடையே ஓடவிட்டுப் பழுது பார்த்து முடித்தார்.

அந்தத் திரையிடலுக்காக அவர் புரொஜெக்டரில், ஃபிலிம் விளக்கைக் கடக்கிற ‘கேட்’ என்ற இடத்தில் மாட்டுகிற தகட்டைக்கூடப் புதிதாகச் செய்தார். ஃபிலிமின் எவ்வளவு பகுதி வெளியே போகலாம் என்று முடிவு செய்வது அந்தத் தகட்டின் ஓட்டைதான். பித்தளையில் வெட்டி, அரத்தால் ராவி, ஃபிலிமில் உள்ளது அத்தனையும் வெளியே வரும்படி செய்திருந்தார்.

அத்தனையும் வெளியே வந்தால் ஓரம் பிசிறடிக்கும். லிங்கத்துக்குப் பிசிறு ஆகாது. திரையின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்க வேண்டும், கரையில்லாத வேட்டியும் ஓரமில்லாத படமும் ஒன்று என்பார். எல்லாத் தியேட்டர்களிலும் செய்வதுபோல நாங்களும் திரையின் இரண்டு பக்கமும் கறுப்புத் துணி தொங்கவிட்டு, பிசிறைத் துணிக்குள் தள்ளிவிடுவோம். துணி எங்கே நிற்க வேண்டும் என்பதற்குக் கோடு போட்டுக் கொடுப்பவன் நான். எல்லைக்கோடு என்றால் எனக்கும் சுத்தமாக இருக்க வேண்டும். இந்தத் தடவை விசேஷக் காட்சி என்பதால் இரண்டு பேரும் சேர்ந்து, ஒரு பிசிறுகூடத் தெரியாதபடி, வழக்கத்தைவிட இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவைத்தோம்.

கறுப்புத் துணியில் ஓர் அசைவு

இனி, ஆடு வந்து போன இடத்துக்குத் திரும்பலாம்.

பிலோமினா நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பின்வரிசையில் சிலர் எழுந்து வேட்டியை உதறினார்கள். ஜமால் பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேரி கையிலிருந்த வாரை அவிழ்த்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். புறப்படுகிறவர் செய்கிற காரியம் அது.

எனக்கு ஒன்று உறுத்தியது. ஆடு நின்றபோது, கயிறு முடிந்த இடத்தை ஒட்டி, கறுப்புத் துணியின் மேல் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. எங்கள் துணி வெல்வெட் இல்லை. பலமுறை துவைத்து நரைத்துப்போன காடாத் துணி. நரைத்த இடத்தில் கொஞ்சம் வெளிச்சம் பிடிக்கும்.

ரீல் முடிந்ததும் லிங்கத்திடம் போய்ச் சொன்னேன். அவர் ரீலைப் பின்னால் சுற்றி, பிலோமினாதான் பார்த்தாயிற்றே, சத்தியம் தீர்ந்தது என்று, காயில் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து ஃபிலிமில் வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“எள்ளு மாதிரி ஒண்ணு ஓரத்துல நிக்குது” என்றார்.

“யாரு?”

“ஒட்டடைக்குச்சி மாதிரி பிழிஞ்சு கெடக்கு. அகலமா விரிச்சாத்தான் ஆளாகும்.” பிறகு அவருக்கே விஷயம் புரிந்து, கண்ணாடியை மெதுவாகக் கீழே வைத்தார். “சர்வேயரே, துணிய நாமதான இழுத்து வச்சோம்.”

ஒதுக்கிவிடலாம் என்றேன். அவர் முகம் சுருங்கியது. “ஓரம் பிசிறடிக்குமே” என்றார். இத்தனைக்குப் பிறகும். நான் அவரைப் பார்த்தபடியே நின்றேன். “சரி, போங்க. அங்கிட்டுப் போய் நில்லுங்க. ஆடு வந்ததும் ஒதுக்குங்க” என்றார்.

மேரியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை ஓட்டப்போகிறோம், உட்காருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். “இன்னொரு தரம் கயிறு பாக்கவா?” என்றார் பிலோமினா.

சுவரில் நின்ற பிள்ளை

நான் திரையின் இடப்பக்கம், சுவரோடு ஒட்டி நின்றேன். விளக்கு அணைந்தது. ஊர்வலம் தொடங்கியது. பக்கத்திலிருந்து பார்த்தால் படம் வெறும் ரோஸ் வெளிச்சம்தான். ஆட்டின் மடிந்த காது தெரிந்ததும் துணியைப் பிடித்து ஒரே இழுப்பாக ஒதுக்கினேன்.

வெளிச்சம் திரையைத் தாண்டி, வெள்ளையடித்த சுவரில் விழுந்தது. ஆலை ஓடிய காலத்தில் அங்கே “புகை பிடிக்காதீர்” என்று சிவப்பில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த எழுத்துகளுக்கு நடுவே ஒரு பிள்ளை நின்றிருந்தாள். ஓரம் பிசிறடித்தது. பிள்ளையிடம் பிசிறில்லை. பூப்போட்ட பாவாடை, எண்ணெய் வழித்துச் சீவிய தலை. கேமராவைப் பார்க்காதே என்று சொல்லியிருப்பார்கள். அதனால் நேராகக் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கயிற்றைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிடித்திருந்தாள். ஊர்வலம் கடந்து போகிற வரைக்கும் நகரவேயில்லை.

காட்சி மாறியது.

“நாந்தான்” என்றார் மேரி. சத்தமே இல்லாமல்.

“நாந்தான் அது” என்றார் பிலோமினா, நல்ல சத்தத்தோடு.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதே வயது, அதே பாவாடை, அதே குடும்பத்து மூக்கு. எனக்குச் சங்கடமாகிவிட்டது. இடம் தெரிந்தாலும் வழக்குத் தீரவில்லை.

ஜமால் பாய்தான் பின்னாலிருந்து அமைதியாகக் கேட்டார். “கயித்த எந்தக் கையில சுத்தியிருந்துச்சு அந்தப் புள்ள?”

நான் மேரியைப் பார்த்தேன். பையின் வார் மறுபடியும் இடது கையில் சுற்றியிருந்தது. அவருக்கே தெரியாமல்.

பிலோமினாவும் அதைப் பார்த்துவிட்டார். ஆனால் லேசில் விடுகிறவர் இல்லை. “ரீலத் திருப்பி மாட்டியிருப்பாங்க. கண்ணாடியில பாக்குற மாதிரி கை மாறித் தெரியும்” என்றார்.

புரொஜெக்டர் பக்கத்திலிருந்து லிங்கம் எழுந்து வந்தார். அவரை அவ்வளவு புண்பட்டு நான் பார்த்ததில்லை. “ஏம்மா, சத்தம் ஃபிலிமோட ஒரு ஓரத்துலதான் பதிஞ்சிருக்கு, திருப்பி மாட்டினா வராது. மேளம் கேட்டுச்சா இல்லையா? அடிச்சவனப் பாத்தீங்கள்ல, எந்தக் கையில கம்பு வச்சிருந்தான்?”

மூன்றாம் முறையும் ஓட்டினோம். இந்தத் தடவை லிங்கமே வந்து துணியை ஒதுக்கிவிட்டுப் போனார், முதலிலிருந்தே. மேளக்காரர்கள் எல்லாரும் வலது கையில்தான் கம்பு வைத்திருந்தார்கள். ஆடு வருவதற்கு முன்பே பிலோமினா எழுந்து சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய நிழல் ஆட்டை மறைத்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை. சுவரிலிருந்த பிள்ளையின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்தார். பிறகு கயிறு சுற்றிய அந்த இடது கையைப் பார்த்தார்.

விளக்கைப் போட்டோம். பிலோமினா திரும்பி, மேரியின் எதிரே வந்து நின்றார்.

“நீதான் புள்ள” என்றார். “சித்தப்பா சொன்னது நெசந்தான்.”

மேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிலோமினா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம் எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“ஆனா ஆடு எங்க வீட்டு ஆடு. அது எல்லாத் தியேட்டர்லயும் முழுசாத் தெரிஞ்சுச்சு.”

மேரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து புரையேறிவிட்டது. ஜமால் பாய் தண்ணீர் எடுத்து வந்தார். “ஒங்க வீட்டு ஆடுதான். நான் எப்பவாச்சும் இல்லேன்னேனா?” என்றார் மேரி, மூச்சு வந்ததும்.

புதுத் தையல்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரையை இறக்கினோம். தள்ளுவண்டியில் மறுபடி மிஷினைக் கட்டினோம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை சேர்த்துத் திரையை அகலமாக்கித் தந்தார் மேரி. லிங்கம் தள்ளினார். நான் புதுக் கோடு போட்டேன். கறுப்புத் துணியை எடுத்துவிட லிங்கத்துக்கு மனசில்லை. ஆனால் இப்போது எந்தப் படம் வந்தாலும், முதல் தடவை துணியை முழுக்க ஒதுக்கிவிட்டுத்தான் ஓட்டுகிறார். ஓரத்தில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்த பிறகே பிசிறை மறைக்கிறார்.

சுவரிலிருந்த “புகை பிடிக்காதீர்” இப்போது திரைக்குப் பின்னால் போய்விட்டது.

பிலோமினா போன வாரம் எனக்குப் போன் செய்திருந்தார். மறுபடி எப்போது போடுவீர்கள், பேரப்பிள்ளைகளை அழைத்து வர வேண்டும், நம் வீட்டு ஆட்டைக் காட்ட வேண்டும் என்றார். மேரியிடம் சொன்னேன். கத்தரியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

“வரச் சொல்லுங்கண்ணே. ஆனா நாற்காலியெல்லாம் இடது ஓரத்துல போடுங்க.”